'திருத்தம்' என்று வந்தது ஒலியளவு மட்டும்: குரலை மிக்ஸிங்குக்குக் கொடுத்து ஏமாந்த கதை

வீட்டிலேயே பாடிப் பதிவு செய்யத் தொடங்கியவர்கள் ஆறேழு மாதத்தில் வந்து நிற்கும் இடம் ஒன்று உண்டு. கிதார் பரவாயில்லை, பீட் பரவாயில்லை, குரல் மட்டும் பாட்டோடு ஒட்டாமல் தனியாக நிற்கும். மெல்லப் பாடிய சொல் இசைக்குள் மூழ்கிவிடும், உரக்கப் பாடியது காதைக் குத்தும். நானும் அங்கேதான் நின்றேன். அங்கே நிற்பவர்களைக் குறிவைத்தே, குரலை இசையோடு சீராகக் கலந்து தருகிறேன் (அதுதான் மிக்ஸிங்) என்று இணையத்தில் ஒரு வியாபாரம் நடக்கிறது என்பது பணம் போன பிறகுதான் எனக்கு உறைத்தது. ஆளின் பெயரையோ தளத்தின் பெயரையோ எழுதப் போவதில்லை. பெயரை மாற்றிக்கொள்ள அவர்களுக்கு ஐந்து நிமிடம் போதும். செய்கிற வேலையின் விதம் மாறாது என்பதால் அதை மட்டும் சொல்கிறேன்.

விளம்பரத்தில் 'முன்', 'பின்' என்று ஒரே குரலின் இரண்டு மாதிரிகள் இருந்தன. முன்: சோகை பிடித்த குரல். பின்: நெஞ்சுக்கு நேராக வந்து நிற்கும் குரல். எந்த மைக்கில் பாடினாலும், எந்த அறையில் பாடினாலும் ஸ்டுடியோ தரத்துக்குக் கொண்டுவந்து விடுவார்களாம். இரண்டு முறை இலவசத் திருத்தமும் உண்டாம். இரண்டு மாதம் சேர்த்து வைத்திருந்ததைக் கட்டினேன்.

"ரா ஃபைல் அனுப்புங்க ப்ரோ, மிச்சத்த நான் பார்த்துக்கறேன்" என்று பதில் வந்தது. ரா ஃபைல் என்றால் எதையும் சேர்க்காத மூலப் பதிவு. என்ன மைக், எவ்வளவு தள்ளி நின்று பாடினீர்கள், எந்தப் பாட்டு மாதிரி ஒலிக்க வேண்டும் என்று ஒரு கேள்வியும் இல்லை. பெரிய ஆள் போலிருக்கிறது, கேட்காமலே புரிந்துகொள்கிறார் என்று அப்போது பெருமைதான் பட்டேன்!

மூன்று மணி நேரத்துக்குள் முதல் பதிப்பு வந்தது. பளபளப்பு இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் குடத்துக்குள் தலையை விட்டுப் பாடுவது போல ஒரு முழக்கம். 'ச' வரும் இடமெல்லாம் சீட்டியடித்தது. இன்னொன்றுதான் எனக்கு வலித்தது. பல்லவி முடியும் இடத்தில் ஒரு ஸ்வரத்திலிருந்து அடுத்ததற்கு வழுக்கிப் போகும் சின்ன இழுப்பு ஒன்றை வைத்திருந்தேன். அதைச் சரியாகப் பாட ஒரு மாலை முழுக்கச் செலவழித்தேன். அது படிக்கட்டு இறங்குவது போலத் தடக் தடக்கென்று விழுந்தது. சுருதி திருத்தும் ப்ளக்இன் என்ற துணை மென்பொருளைப் பாட்டைக் கேட்காமலே உச்ச வேகத்தில் போட்டிருக்கிறார். அந்த வகைக் கருவிகளில் பேர்போனதான, 1997-இல் வந்த ஆட்டோ-டியூனை உருவாக்கிய ஆண்டி ஹில்டிபிரண்ட், அதற்கு முன் எண்ணெய் தேடுவதற்காக நில அதிர்வுத் தரவுகளை அலசிக்கொண்டிருந்தவர். கருவி நுட்பமானதுதான். எவ்வளவு வேகத்தில் திருத்த வேண்டும் என்பதைப் பாட்டுக்குப் பாட்டு, சில நேரம் சொல்லுக்குச் சொல் கேட்டு முடிவு செய்ய வேண்டும். இல்லையென்றால் பிழையோடு சேர்த்து அசைவையும் பிழை என்று எடுத்துக்கொண்டு நறுக்கிவிடும்.

சரி, முதல் பதிப்புதானே என்று பணிவாகவே எழுதினேன்: முழக்கத்தைக் குறைக்க வேண்டும், இரண்டாம் சரணத்தில் ரிவெர்ப் (செயற்கையாகச் சேர்க்கும் எதிரொலி) அதிகம், பல்லவியின் இழுப்பைத் தொடாமல் அப்படியே விட்டுவிடுங்கள். மறுநாள் இரண்டாம் பதிப்பு வந்தது. "எல்லாம் ஃபிக்ஸ் பண்ணியாச்சு ப்ரோ, இப்ப கேளுங்க."

கேட்டேன். நன்றாகவே இருந்தது. குரல் முன்னால் வந்திருந்தது, முழக்கமும் குறைந்தது போலத் தோன்றியது. மகிழ்ச்சியில் 'வேலை முடிந்தது' என்ற பொத்தானை அழுத்திவிட்டேன். அதுவரை தளத்தின் கையில் இருந்த பணம் அந்த நொடியில் அவருக்குப் போய்விட்டது.

நான்கு நாள் கழித்து, பல வருடங்களாக ஒலிப்பதிவு வேலை பார்க்கும் தெரிந்த அண்ணன் ஒருவருக்குப் போட்டுக் காட்டினேன். பாதியில் நிறுத்திவிட்டார். "மாத்திக் குடுத்தான்னு சொல்றியே, ரெண்டு ஃபைலையும் ஒண்ணுல இருந்து ஒண்ணு கழிச்சுப் பார்த்தியாடா?" என்றார். கழிப்பதா? அவரே செய்து காட்டினார். இரண்டு பதிப்பையும் அடுத்தடுத்த ட்ராக்கில், தொடக்கம் துல்லியமாக ஒன்றின் மேல் ஒன்று வரும்படி வைத்தார். ஒலியளவை அளக்கும் மீட்டரில் முதல் பதிப்பு -16.3, இரண்டாவது -14.5. இரண்டாவதை 1.8 டெசிபல் இறக்கினார். பிறகு அதன் போலாரிட்டியை, அதாவது அலையின் மேல் கீழை, திருப்பிவிட்டு இரண்டையும் சேர்த்து ஓட்டினார்.

சத்தமே இல்லை. பாட்டு ஓடிக்கொண்டிருக்கிறது, திரையில் கோடு நகர்கிறது, ஸ்பீக்கரில் எதுவும் வரவில்லை. மீட்டரில் ஒரு கட்டம்கூட எரியவில்லை. இரண்டாம் சரணம் வந்தது, போனது. அப்போதும் அமைதிதான்.

அலையைத் தலைகீழாகத் திருப்பி அதே அலையோடு சேர்த்தால் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். எங்கே வித்தியாசம் இருக்கிறதோ அது மட்டும் மிஞ்சிக் கேட்கும். ரிவெர்பைக் குறைத்திருந்தால் அந்த எதிரொலியின் வால் கேட்டிருக்க வேண்டும். அடி ஒலி, கீச்சொலி இவற்றைத் தனித்தனியாகக் கூட்டிக் குறைக்கும் ஈக்யூவைத் தொட்டிருந்தால் குரலின் ஏதாவது ஒரு பகுதியாவது மிஞ்சியிருக்கும். பல ரிவெர்ப் ப்ளக்இன்கள் ஒவ்வொரு முறை ஓடும்போதும் லேசாக வேறுபடும் என்பதால், அப்படி ஒன்று இருந்தால் அமைப்பைத் தொடாமல் மறுபடி வெளியே எடுத்தாலே சிறு எச்சம் இருக்கும் என்றார் அண்ணன். எனக்கு வந்ததில் அதுவும் இல்லை. பழைய கோப்பை எடுத்து, ஒலியளவைக் கொஞ்சம் ஏற்றி, புதுப் பெயர் வைத்து அனுப்பியிருக்கிறார். இதற்கு எவ்வளவு நேரம் ஆகியிருக்கும், ஒரு நிமிடமா?

என் காது ஏன் ஏமாந்தது என்பதற்குக் காரணம் இருக்கிறது. ஒலி தாழ்ந்திருக்கும்போது நம் காதுக்கு அடி ஒலியும் (பேஸ்) கீச்சொலியும் (ட்ரெபிள்) குறைவாகவே எட்டும். பெல் ஆய்வகத்தின் ஃபிளெட்சரும் மன்சனும் 1933-இலேயே அளந்து வெளியிட்ட விஷயம் இது. அதனால் கொஞ்சம் ஏற்றினாலே பாட்டு நிறைந்தது போலவும் தெளிந்தது போலவும் தோன்றும். 'சத்தமாக இருக்கிறது' என்று காது சொல்லாது, 'நன்றாக இருக்கிறது' என்றுதான் சொல்லும். இதைத் தெரிந்து வைத்திருப்பவர்களுக்கு நம்மைப் போன்ற புதியவர்கள் லட்டு மாதிரி.

கழித்துப் பார்த்த கோப்பை இணைத்து அவருக்கு எழுதினேன். "நீங்கதான ஓகே பண்ணீங்க? அடுத்த ரிவிஷனுக்கு சார்ஜ் ஆகும்" என்று பதில். இரண்டு இலவசத் திருத்தத்தில் இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறதே என்றேன். வேலை முடிந்ததாக ஒப்புக்கொண்டால் அது காலாவதியாம். தளத்தில் முறையிட்டேன். நீங்களே ஏற்றுக்கொண்ட வேலைக்குப் பணம் திரும்பாது என்று அச்சடித்தது போல ஒரு பதில் வந்தது.

என் பங்கையும் சொல்லிவிடுகிறேன். நான் அனுப்பிய கோப்பே மோசம். வெறும் சுவர்கள் உள்ள அறையில், மேசை மேல் சின்னச் சத்தத்தையும் பிடிக்கும் கன்டென்சர் மைக்கை வைத்து, 60 சென்டிமீட்டர் தள்ளி உட்கார்ந்து பாடியிருந்தேன். உச்சத்தில் வரும் 'வா' என்ற ஓரெழுத்தில் அலையின் தலை கத்தரியால் நறுக்கியது போலத் தட்டையாக இருந்தது, அதாவது பதிவிலேயே கிழிந்துவிட்டது. அண்ணன் அதைத் திரையில் பெரிதாக்கிக் காட்டி, "இத பார்த்த எவனும் முதல்ல திரும்பப் பாடி அனுப்புன்னுதான் சொல்லியிருப்பான்" என்றார். பணம் வாங்கியவர் அதைச் சொல்லவில்லை என்பதைவிட, திறந்தே பார்க்கவில்லை என்பதுதான் உண்மையாக இருக்கும்.

அந்தக் குட முழக்கமும் மிக்ஸிங்கில் போகிற சங்கதி இல்லை. குரல் நேராக ஒருமுறை மைக்குக்கு வருகிறது. மேசையிலும் சுவரிலும் பட்டுக் கொஞ்சம் தாமதமாக மறுபடியும் வருகிறது. ஒலி ஒரு மில்லி வினாடியில் சுமார் 34 சென்டிமீட்டர் போகும். அந்த அளவு சுற்றி வந்த எதிரொலி நேர்க்குரலோடு கலந்தால் 500, 1500, 2500 ஹெர்ட்ஸ் என்று வரிசையாகக் குழி விழும். அதன் மேல் கம்ப்ரஸரைப் போட்டால் இன்னும் மோசம். உரத்த இடத்தை அமுக்கி, மொத்தத்தையும் தூக்கும்போது சொல்லுக்கும் சொல்லுக்கும் இடையில் பதுங்கியிருக்கும் அறையின் எதிரொலியும் கூடவே எழுந்து வரும். அதனால்தான் எல்லாக் குரலுக்கும் பொதுவாக முன்கூட்டியே அமைத்து வைத்த அவர்களுடைய ரெடிமேட் ப்ரீசெட் என் குரலைக் குடத்துக்குள் தள்ளியது.

மறுபடி பாடினேன். மைக்கிலிருந்து ஏறத்தாழ 15 சென்டிமீட்டர். தூரம் பாதியானால் நேர்க்குரல் 6 டெசிபல் கூடும், எதிரொலி ஏறத்தாழ அப்படியே இருக்கும். ஆக 60-லிருந்து 15-க்கு வந்ததில் கிட்டத்தட்ட 12 டெசிபல் லாபம், செலவே இல்லாமல். தடித்த கம்பளிகள் இரண்டை எனக்குப் பின்னால் தொங்கவிட்டேன். மைக்குக்குப் பின்னால் இல்லை, எனக்குப் பின்னால். கார்டியாய்ட் மைக் தன் முதுகுப் பக்கம் அவ்வளவாகக் கேட்காது; அதன் முகம் பார்ப்பது என்னையும் எனக்குப் பின்னால் இருக்கும் சுவரையும்தான். (மைக்குக்குப் பின்னால் மாட்டும் வளைந்த ஸ்பாஞ்சுத் தடுப்பு ஒன்றையும் முன்பே வாங்கி வைத்திருந்தேன். அது தனி அழுகை.) உச்சம் -12 டெசிபலைத் தாண்டாமல் வைத்தேன் (0-வைத் தாண்டினால் அலை கிழியும்). ஒலியை நுணுக்கமாகச் சேமிக்கும் 24 பிட்டில் பதிவு செய்தால் அது தாராளம். 'ப' வெடிக்காமல் இருக்க ஒரு பாப் ஃபில்டர். ஆறு டேக் பாடி, வரி வரியாக நல்லதைப் பொறுக்கி ஒட்டினேன். எதையும் போடாமல் கேட்டபோதே அந்த ஆள் அனுப்பியதைவிடப் பாட்டோடு ஒட்டி நின்றது.

இதற்குப் பிறகும் வெளியில் கொடுக்கத்தான் போகிறீர்கள் என்றால், முதலில் ஒரு சரணத்தை மட்டும் கொடுத்துப் பாருங்கள். ரா கோப்பைக் கேட்டுவிட்டுக் குறை சொல்கிறாரா என்று பாருங்கள், சொல்கிறவரை நம்பலாம். ஒவ்வொரு பதிப்பையும் ஒலியைச் சுருக்காத வேவ் கோப்பாகவே கேட்டு வாங்குங்கள், எம்பி3-இல் இந்தக் கழித்தல் இவ்வளவு சுத்தமாக வராது. திருத்தம் என்று எது வந்தாலும் ஒலியளவைச் சமன் செய்து, கழித்துப் பார்த்து, ஒரு இரவு தூங்கி எழுந்து, அப்புறம் அந்தப் பொத்தானைத் தொடுங்கள்.

இதை எழுதும்போது அவருடைய பக்கத்துக்கு மறுபடி போனேன். விளம்பர மாதிரிகளை இறக்கி மீட்டரில் போட்டேன். 'முன்' என்பது 'பின்'னைவிட 6 டெசிபல் தாழ்த்தி வைக்கப்பட்டிருக்கிறது. சமன் செய்து கேட்டால், அந்த 'முன்' குரலே நல்ல அறையில், நல்ல மைக்கில், நன்றாகப் பாடப்பட்ட குரல். அதன் கீழே நேற்று ஒருவர் நெருப்புப் படம் போட்டு, "ப்ரோ, என் வாய்ஸும் இப்படி ஆகுமா?" என்று கேட்டிருக்கிறார்.