நாய்களின் தீராத ஈஸ்ட் தொற்றுக்கு மைக்கோனசோல்–குளோர்ஹெக்சிடின் ஷாம்பு: ஓர் அனுபவ மதிப்பீடு

மைக்கோனசோல் 2 சதவீதமும் குளோர்ஹெக்சிடின் 2 சதவீதமும் கலந்த மருந்து ஷாம்பு வெளிநாடுகளில் மாலாசெப் என்ற பெயரில் நெடுங்காலமாக விற்பனையில் உள்ளது. இதே மருந்துகளைக் கொண்ட ஷாம்புகள், அளவில் சிறிது கூடியும் குறைந்தும், இந்தியாவிலும் வெவ்வேறு பெயர்களில் கிடைக்கின்றன. திருவான்மியூரில் கடற்காற்று நேராக வந்து மோதும் எங்கள் வீட்டில், ஜூலி என்ற லேப்ரடாருக்கு இந்த வகை ஷாம்புவைத்தான் தொடர்ந்து பயன்படுத்தி வருகிறோம். நாங்கள் வாங்கும் பிராண்டின் பெயரை இங்கே குறிப்பிடவில்லை. கடையில் நீங்கள் பார்க்க வேண்டியது பாட்டிலின் முன்பக்கத்தில் சிரிக்கும் நாயை அல்ல, பின்பக்கத்தில் பொடி எழுத்தில் அச்சிட்டிருக்கும் மருந்துப் பெயரையும் அதன் சதவீதத்தையும்தான்.

ஷாம்புவைப் பற்றிச் சொல்லும் முன், எந்த நோய்க்கு இது என்பதில் தெளிவு வேண்டும். நம் ஊரில் நாய் சொறிந்தால் எல்லாமே 'சொறி'தான். முடி கொட்டினால் 'படர்தாமரை' என்று பக்கத்து வீட்டுக்காரரே முடிவு கட்டிவிடுவார். ஈஸ்ட் தொற்றுக்கு அதற்கே உரிய சில அடையாளங்கள் உண்டு. ஜூலி முன்னங்கால் விரலிடுக்குகளை இரவெல்லாம் நக்கியதில், வெளிர்மஞ்சள் முடி அந்த இடத்தில் மட்டும் துருவேறியது போல் செம்பழுப்பாக மாறியிருந்தது. நகங்களின் அடிப்பகுதியில் பழுப்பு நிறப் படிவு கட்டியிருந்தது. அக்குளிலும் தொடையிடுக்கிலும் தோல் தடித்துக் கறுத்து, தொட்டால் விரலில் பிசுபிசுப்பு ஒட்டியது. எல்லாவற்றுக்கும் மேலாக அந்த வாடை: பழைய எண்ணெய் காறிப்போனால் வரும் அதே காறல் வாடை, குளிப்பாட்டிய மறுநாளே திரும்ப வந்துவிடும். சோபா உறையைத் துவைத்தும் போகாத வாடை அது.

இதற்குக் காரணமான மலசீசியா பேக்கிடெர்மாட்டிஸ் என்ற ஈஸ்ட், அதாவது ஒரு வகை நுண்பூஞ்சை, நலமாக இருக்கும் நாய்களின் தோலிலும் காதிலும்கூடக் குறைந்த அளவில் குடியிருப்பதுதான். (இதை முதன்முதலில் 1925-ல் பிரித்தெடுத்தது ஒரு காண்டாமிருகத்தின் தோலிலிருந்து என்பது கூடுதல் தகவல்.) தோலில் எண்ணெய்ப்பசையும் ஈரமும் மிகும்போது, அல்லது ஒவ்வாமையால் தோலின் காப்பு குலையும்போது, இது கட்டுக்கடங்காமல் பெருகுகிறது. எங்கள் மருத்துவர் விரலிடுக்கில் சாதாரண செல்லோ டேப்பை ஒட்டி எடுத்து, சாயம் ஏற்றி, நுண்ணோக்கியில் வைத்து எங்களையும் பார்க்கச் சொன்னார். இடை சிறுத்த வேர்க்கடலைபோல ஊதா நிறத்தில் திட்டுத் திட்டாகத் தெரிந்தவை ஈஸ்ட் செல்கள்; அவற்றுக்கு நடுவே பொடிப் புள்ளிகளாகப் பாக்டீரியாவும் இருந்தது. அன்றே தோலைச் சுரண்டி எடுத்தும் பரிசோதித்து, சொறிப் பூச்சி இல்லை என்பதையும் உறுதி செய்தார். சில நிமிடங்களில் முடியும் இந்தப் பரிசோதனை இல்லாமல் எந்த மருந்து ஷாம்புவையும் வாங்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. சென்னையில் இருப்பவர்கள் வேப்பேரியில் உள்ள கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனைக்கும் செல்லலாம்.

ஈஸ்டும் பாக்டீரியாவும் பெரும்பாலும் ஒன்றாகவே வருவதால்தான் இந்த ஷாம்புவில் இரண்டு மருந்துகள். மைக்கோனசோல், பூஞ்சையின் செல் சவ்வுக்குத் தேவையான எர்கோஸ்டெரால் உருவாவதைத் தடுக்கிறது. குளோர்ஹெக்சிடின் பாக்டீரியா, ஈஸ்ட் இரண்டின் சவ்வையும் சிதைப்பதோடு, அலசிய பிறகும் ஓரளவு தோலில் ஒட்டி நின்று வேலை செய்கிறது. 2020-ல் உலகக் கால்நடைத் தோல் மருத்துவச் சங்கம் வெளியிட்ட வழிகாட்டுதல், நாய்களின் மலசீசியா தோலழற்சிக்கு இந்த இரண்டும் இரண்டு சதவீதம் வீதம் கலந்த ஷாம்புவை வாரம் இருமுறை பயன்படுத்துவதையே முதல் தேர்வாகப் பரிந்துரைத்தது. 3 சதவீத குளோர்ஹெக்சிடின் மட்டும் உள்ள ஷாம்புவை அதற்கு அடுத்த இடத்தில் வைத்தது. இணையத்தில் உலவும் நூற்றெட்டு வைத்தியங்களுக்கு நடுவே வலுவான சான்று உள்ள பொருள் என்று இதைத் தயங்காமல் சொல்லலாம்.

ஆனால், பாட்டிலுக்குள் இருக்கும் மருந்து அளவுக்கு, நாம் அதைப் பயன்படுத்தும் விதமும் முக்கியம். லேபிளில் 'பத்து நிமிடம் ஊறவிடவும்' என்று ஒரு வரி இருக்கும். அந்த ஒரு வரிக்குத்தான் நாம் காசு கொடுக்கிறோம் என்று எடுத்துக்கொள்ளுங்கள். தேய்த்து உடனே அலசினால் மருந்தும் தண்ணீரோடு சாக்கடைக்குப் போய்விடும். நனைந்த லேப்ரடாரைப் பத்து நிமிடம் ஓரிடத்தில் நிற்க வைப்பது எளிதன்று. அது உடம்பை ஒரு முறை உதறினால் சுவர் முழுக்க நுரைதான். நாங்கள் கடைப்பிடிக்கும் முறை இதுதான்: முதலில் விரலிடுக்கு, அக்குள், தொடையிடுக்கு, வாலடி, கழுத்து மடிப்பு ஆகிய பாதித்த இடங்களில் ஷாம்புவைத் தடவி விரல் நுனியால் தேய்த்துவிடுவோம், அவை ஊறும் நேரத்தில் மற்ற இடங்களுக்குச் செல்வோம். கைப்பேசியில் நேரம் வைத்துக்கொண்டு ஒருவர் கழுத்துப் பட்டையைப் பிடித்துக்கொள்ள, மற்றவர் கேரட் துண்டுகளை ஒவ்வொன்றாகக் கொடுப்பார். நாய் நுரையை நக்காமல் இருக்கவும் இது உதவுகிறது. கண்ணில் படாமல் பார்த்துக்கொள்வது மிக அவசியம். குளோர்ஹெக்சிடின் கருவிழியைப் புண்ணாக்கக்கூடியது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அழுக்கு போக முதலில் சாதாரண சோப்போ ஷாம்புவோ போடுவது பலருக்கு வழக்கம். சோப்பில் உள்ள வேதிப்பொருள்கள் குளோர்ஹெக்சிடினைச் செயலிழக்கச் செய்பவை. ஆகவே முதலில் போட்டதைத் துளி பிசுக்கில்லாமல் அலசிய பிறகே மருந்து ஷாம்புவை எடுக்க வேண்டும். போர் தண்ணீர் உப்பாக இருக்கும் வீடுகளில் நுரையும் சரியாக எழும்பாது. முடிந்தால் கடைசி அலசலுக்கும் மருந்து கரைப்பதற்கும் நல்ல தண்ணீரைத் தனியே ஒரு வாளியில் எடுத்து வைத்துக்கொள்வது நல்லது.

அலசிய பின் உலர்த்துவதும் பாதி வைத்தியம். ஐப்பசி, கார்த்திகை மழையில் சென்னைக் காற்றில் துணியே காயாதபோது, லேப்ரடாரின் அடர்ந்த உள்முடி தானாகக் காயும் என்று விட்டுவிட முடியாது. துண்டால் ஒற்றி எடுத்து, ஒவ்வொரு விரலிடுக்கையும் பிரித்துத் துடைத்து, ஹேர் டிரையரைச் சூடில்லாத நிலையில் வைத்துக் காட்ட வேண்டும். மழையில் நடந்துவிட்டு வரும் நாட்களில் குளியல் இல்லாவிட்டாலும் இந்தத் துடைப்பு கட்டாயம்.

பலன் எப்படி? முதலில் மறைந்தது வாடை. பிசுபிசுப்பு அதையடுத்துக் குறைந்தது. நக்குவது குறைய மேலும் சில வாரங்கள் ஆயின. அக்குளின் கறுத்துத் தடித்த தோல் மிக மெதுவாகவே மென்மைக்குத் திரும்பியது. நிறம் இன்னும் முழுதாகத் திரும்பவில்லை, ஆனால் அங்கே முடி முளைத்திருக்கிறது. மறுபரிசோதனையில் டேப்பில் ஈஸ்ட் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. அதன் பிறகு மருத்துவர் வாரம் இருமுறை என்பதை ஒருமுறையாகக் குறைத்தார். வாடை போனதும் நாமாகவே நிறுத்திவிடக் கூடாது. கண்ணுக்கும் மூக்குக்கும் தெரியாத அளவில் எஞ்சியிருப்பவை ஒரு மழை வாரத்தில் மீண்டும் பெருகிவிடும்.

குறைகளும் உண்டு. இந்த வகை ஷாம்புகள் பெரும்பாலும் 200 மில்லி பாட்டிலில் வருகின்றன. ஷிட்சூ போன்ற சின்ன நாய்க்கு அது போதும், லேப்ரடாருக்கு ஒரு மாதம்கூடத் தாங்காது. வாரம் இருமுறை என்னும்போது செலவு மளமளவென்று ஏறுகிறது. முழு உடலுக்கும் தேவையில்லை என்று மருத்துவர் சொன்ன பிறகு, பாதித்த இடங்களுக்கு மட்டும் போட்டு, இடைநாட்களில் குளோர்ஹெக்சிடின் துடைப்பான்களால் பாதங்களைத் துடைத்து வருகிறோம். அடிக்கடி குளிப்பாட்டுவதால் முதுகுத் தோல் வறண்டு பொடுகு உதிர்வதும் நேர்ந்தது; அதற்குத் தனியே ஈரப்பதம் தரும் கண்டிஷனர் தேவைப்பட்டது. மருந்து வாடை ஆஸ்பத்திரியை நினைவூட்டும். எனக்கு அதில் புகார் இல்லை, காறல் வாடைக்கு அது எவ்வளவோ மேல். காதுக்கு இதைப் பயன்படுத்தவே கூடாது. ஈஸ்ட் தொற்று உள்ள நாய்களுக்குக் காதிலும் அதே தொல்லை இருப்பது சாதாரணம்தான், ஆனால் செவிப்பறையில் ஓட்டை இருந்தால் குளோர்ஹெக்சிடின் உள்ளே சென்று கேட்கும் திறனையே பறித்துவிடலாம். காதைப் பரிசோதித்த பிறகு மருத்துவர் தரும் காது மருந்தே அதற்கு உரியது.

செல்லப்பிராணிக் கடைகளில் 'பூஞ்சை எதிர்ப்பு' என்று பெரிய எழுத்தில் போட்டு, வேம்பு, கற்றாழை, துளசி என்று இலைப் படங்களோடு அடுக்கியிருக்கும் ஷாம்புகளைப் பற்றி ஒரு வார்த்தை. அவற்றில் பலவற்றைப் புரட்டிப் பார்த்தேன்; எந்த மருந்து எத்தனை சதவீதம் என்று எங்கும் இல்லை. மணக்கும், நுரைக்கும், முடி பளபளக்கும். நோய்க்கு அவற்றை நம்ப முடியாது.

வீட்டு வைத்தியங்களில் தேங்காய் எண்ணெய் தடவுவதைக் கட்டாயம் நிறுத்துங்கள். இந்த ஈஸ்ட் கொழுப்பை உண்டு வாழ்வது. தனக்கு வேண்டிய கொழுப்பு அமிலங்களைத் தானே தயாரிக்க முடியாதது. எண்ணெய்ப்பசை மிகுந்த தோலில் மேலும் எண்ணெய் தடவுவது எப்படி உதவும்? வேப்பெண்ணெயைப் பூசினால் நாய் முதலில் செய்வது அதை நக்குவதுதான். வினிகர் வெடித்த தோலில் பட்டால் எரியும். தேயிலை மர எண்ணெய் நாய்களுக்கு நஞ்சு. மருந்துக் கடையில் மனிதர்களுக்கு விற்கும் ஸ்டீராய்டு கலந்த மும்மருந்து களிம்புகளைப் போட்டால் அரிப்பு இரண்டு நாள் அடங்கும், பிறகு தொற்று இன்னும் பரவும். நக்கினால் ஸ்டீராய்டு வயிற்றுக்கும் போகும். கீட்டோகோனசோல், இட்ராகோனசோல் மாத்திரைகள் நன்றாக வேலை செய்பவைதான். ஆனால், ஈரலைப் பாதிக்கக்கூடியவை என்பதால், ஷாம்பு மட்டும் போதாத நிலையில் மருத்துவர் கண்காணிப்பில் தர வேண்டியவை.

இவ்வளவு பாராட்டிய பிறகும் இந்த ஷாம்புவால் முடியாத ஒன்றைச் சொல்லியாக வேண்டும்: தொற்று ஏன் திரும்பத் திரும்ப வருகிறது என்ற கேள்விக்கு இதனிடம் விடை இல்லை. தீராத ஈஸ்ட் தொற்றுக்குப் பின்னால் பெரும்பாலும் வேறொரு நோய் இருக்கிறது: தூசிப் பூச்சி, மகரந்தம் போன்றவற்றால் வரும் ஒவ்வாமை, தெள்ளுப்பூச்சிக் கடி, உணவு ஒவ்வாமை, சில நாய்களுக்குத் தைராய்டு குறைவு. ஜூலிக்கு உண்ணி, தெள்ளுப்பூச்சி மருந்தைத் தவறாமல் கொடுத்தும் அரிப்பு நிற்காததால், உணவுச் சோதனையைத் தொடங்கச் சொன்னார்கள். சோற்றில் உள்ள சர்க்கரையால்தான் ஈஸ்ட் வளர்கிறது, எனவே சோற்றை நிறுத்தினால் போதும் என்று பலர் சொல்வார்கள். தோலில் வாழும் இந்த ஈஸ்டுக்கு இரை தோலின் கொழுப்பு, தட்டில் உள்ள சோறு அல்ல. நாய்களில் அதிகம் பதிவான உணவு ஒவ்வாமைகள் மாட்டிறைச்சி, பால் பொருள்கள், கோழி ஆகியவற்றால் வருபவை. நம் வீடுகளில் நாய்க்குக் கிடைப்பதோ தயிர்ச்சோறும் கோழியும். நாய் இதுவரை தின்றிராத ஒரே வகைப் புரதத்தை மட்டும் எட்டு வாரம் கொடுத்துப் பார்ப்பது சோதனை முறை. அந்த எட்டு வாரமும் அம்மா மேசைக்கடியில் நழுவவிடும் மிக்சரையும் பால் பிஸ்கட்டையும் நிறுத்துவதுதான் ஷாம்புவைப் பிடித்துத் தேய்ப்பதைவிடக் கடினமாக இருந்தது. ஜூலிக்கு விடை உணவில் இல்லை, காற்றிலும் தூசியிலும் இருந்தது. அரிப்பைக் கட்டுப்படுத்த இப்போது ஓக்ளாசிட்டினிப் மாத்திரை தருகிறோம். அதன் பிறகுதான் வாரம் ஒரு குளியல் போதுமானதாயிற்று.

எனவே, டேப் பரிசோதனையில் ஈஸ்ட் உறுதியான நாய்க்கு, வாரம் இருமுறை பத்து நிமிடம் ஒதுக்க முடிந்த வீட்டுக்கு, இந்த ஷாம்புவைத் தயங்காமல் பரிந்துரைக்கிறேன். ஆழமான புண், சீழ், காய்ச்சல் உள்ள நாய்க்கும், இரண்டு மூன்று வாரம் ஒழுங்காகப் போட்டும் மாற்றம் தெரியாத நாய்க்கும் இது போதாது. அங்கே பாக்டீரியா வளர்ப்புப் பரிசோதனை தேவைப்படலாம். வாங்கும்போது லேபிளில் மைக்கோனசோல், குளோர்ஹெக்சிடின் இரண்டின் சதவீதமும் இருக்கிறதா, காலாவதித் தேதி எப்போது என்று பாருங்கள். பெரிய நாய் வைத்திருப்பவர்கள் இரண்டு பாட்டிலாக வாங்கிக்கொள்வது நல்லது. மழைக்காலத்தில் கடைகளில் இது அடிக்கடி தீர்ந்துபோகிறது.