தொலைநோக்கி இரவா, கோளரங்கமா, பகல் சூரியனா?

பல்கலைக்கழக வானியல் துறைகள் குழந்தைகளுக்காக நடத்தும் நிகழ்ச்சிகள் பெரும்பாலும் மூன்று வகை: இரவில் தொலைநோக்கி, காற்றடைத்த கூடாரத்துக்குள் கோளரங்கம், பகலில் சூரியன் பார்ப்பது. ஐந்து வயதில் ஒன்றும் பத்து வயதில் ஒன்றும் இருக்கிற வீட்டில் எதற்குக் கூட்டிப் போவது?

என் மனம் தொலைநோக்கி இரவின் பக்கம்தான். சனியின் வளையத்தைப் படத்தில் நூறு முறை பார்த்த பிள்ளைகூட, அந்தச் சின்ன மஞ்சள் உருண்டையை நேரில் பார்த்ததும் தலையை நிமிர்த்தி வானத்தைத் தேடும், மறுபடி குனியும். குழாய்க்குள் படம் ஒட்டியிருக்கிறதா என்று முன்பக்கம் போய்ப் பார்க்கிற பிள்ளைகளும் உண்டு. ஒரு மணி நேரத்துக்கும் மேல் பயணம் செய்த ஒளி அது. வியாழனுக்கு அருகே வரிசையாக நிற்கும் புள்ளிகள், 1610-இல் கலிலியோ கண்ட அதே நான்கு நிலவுகள். எந்தத் திரையும் இதற்கு ஈடாகாது.

ஆனால் தேதி பார்த்துப் போக வேண்டும். பௌர்ணமியில் நிலா கண் கூசும், பள்ளங்கள் எடுப்பாகத் தெரியாது. வளர்பிறையின் ஏழாம், எட்டாம் நாளில் ஒளியும் இருளும் சந்திக்கும் கோட்டில் நிழல் நீளும். ஒவ்வொரு பள்ளமும் கிண்ணம் போலத் தெரியும். அப்புறம் வரிசை. 120 பேருக்கு இரண்டு தொலைநோக்கி, ஆளுக்கு ஒரு நிமிடம் என்றால், ஒன்றே ஒன்றைப் பார்த்து முடிக்கவே ஒரு மணி நேரம். அதற்குள் சின்னது தோளில் தூங்கிவிடும்.

கோளரங்கத்துக்கு மேகம் ஒரு பொருட்டல்ல. ஓர் இரவு முழுவதும் நட்சத்திரங்கள் நகர்வதை ஒரே நிமிடத்தில் ஓட்டிக் காட்டலாம். பதிவு செய்த படம் மட்டும் ஓடினால் எனக்கு அவ்வளவு ஈர்ப்பில்லை. மாணவர் ஒருவர் உள்ளே உட்கார்ந்து குழந்தைகளின் கேள்விக்கேற்ப வானத்தைத் திருப்பினால் கதையே வேறு. இருட்டுக்குப் பயப்படும் குழந்தையை வாசல் பக்கம் உட்கார வையுங்கள்.

பலரும் கவனிக்காமல் விடுவது பகல் சூரியனைத்தான். சின்னக் குழந்தைகளுக்கு நான் முதலில் சொல்வது இதையே. தூக்கம் கெடாது, பிம்பத்தை வெள்ளை அட்டையில் விழவைத்தால் ஒற்றைக் கண்ணை மூடத் தெரியாத குழந்தையும் பார்க்கலாம். சூரியப் புள்ளிகள் இருக்கும் நாளாக இருந்தால், பெரிய புள்ளி ஒன்று பூமியையே விழுங்கும் அளவு என்று சொல்லிப் பாருங்கள், அந்த முகத்தைப் பார்க்க வேண்டும்! நேராகப் பார்க்கவிடும் தொலைநோக்கி என்றால், சூரிய ஒளியைக் குறைக்கும் வடிகட்டி குழாயின் முன்வாயில் இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். கண் வைக்கும் பக்கம் மாட்டுவது வெப்பத்தில் வெடித்துவிடலாம். அங்கே பிள்ளையை விடாதீர்கள்.

ஆக, ஐந்து வயதுக்குப் பகல் சூரியன், பத்து வயதுக்குத் தொலைநோக்கி இரவு. இருவரையும் ஒரே நாளில் கூட்டிப் போவதென்றால், “மேகம் வந்தால் என்ன செய்வீர்கள்?” என்று முன்பே கேளுங்கள். “கூடாரம் தயாராக இருக்கும்” என்று சொல்கிற இடத்துக்குப் போங்கள்.