முன் சஸ்பென்ஷனுக்கு 21,405 ரூபாய்: பில் நியாயமா?

என் காரின் முன் சக்கரங்களில் அதிர்வைத் தாங்கும் சஸ்பென்ஷன் வேலைக்கு 21,405 ரூபாய் பில் வந்திருக்கிறது. கோத்தகிரியில் யாரிடம் சொன்னாலும் "நல்லா ஏமாத்திட்டாங்க" என்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒவ்வொரு வரியாகப் பார்த்தால் பெரும்பாலும் நியாயமான பில்தான். ஆனால் அதற்குள் இருக்கும் 1,298 ரூபாயை மட்டும் என்னால் விட முடியவில்லை.

வண்டி 2016ல் எடுத்த பெட்ரோல் ஹேட்ச்பேக். டிஎன் 43, அதாவது நீலகிரி எண். ஒரு லட்சம் கிலோமீட்டரைத் தாண்டிவிட்டது. எஞ்சின், மைலேஜ், டிக்கி அளவு பற்றியெல்லாம் நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். மலையில் வைத்திருப்பவனுக்கு இதில் பிடித்தது இரண்டு. கொண்டை ஊசி வளைவில் ரிவர்ஸ் எடுக்காமல் ஒரே மடக்கில் திரும்பிவிடும். குஞ்சப்பனை இறக்கத்தில் இரண்டாவது கியரில் விட்டால் எஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும். மேட்டுப்பாளையம் போய்ச் சேரும்போது பிரேக் கருகும் வாசனை வந்ததே இல்லை. அந்த இறக்கம் தெரிந்தவர்களுக்கு இதன் மதிப்பு புரியும்.

பிடிக்காதது ஒன்று. இடது முன் சக்கரத்தின் கடகட சத்தம். மாற்றினால் போகும், கொஞ்ச நாளில் திரும்ப வரும். வலது பக்கம் இப்படிப் படுத்தியதில்லை.

ஏன் இடது மட்டும் என்று பலரிடம் கேட்டிருக்கிறேன். "வளைவு ரோடு சார், அப்படித்தான்" என்பார்கள். வளைவு இரண்டு பக்கமும்தானே இருக்கிறது? வலப்பக்கம் திரும்பும்போது இடது சக்கரம் சுமை தாங்கும், இடப்பக்கம் திரும்பும்போது வலது தாங்கும். காரணம் ரோட்டின் ஓரத்தில் இருக்கிறது. மலைப்பாதையில் ஏறி வரும் வண்டிக்கு இறங்குகிறவர் வழிவிட வேண்டும். 2017ஆம் ஆண்டு மோட்டார் வாகன ஓட்டுநர் ஒழுங்குமுறையிலும் அப்படித்தான் இருக்கிறது. எதிரே பஸ்ஸோ பச்சைத் தேயிலை லாரியோ ஏறி வந்தால் நாம் இடது ஓரத்தில் இறங்கித்தான் ஆக வேண்டும். எங்கள் பக்கம் வடகிழக்குப் பருவமழை பலமாகப் பெய்யும். அந்த மழை ஓரத்து மண்ணை அரித்துவிட, தார் விளிம்பு ஒரு படி மாதிரி நிற்கும். இடது சக்கரம் அதில் தொப்பென்று இறங்கும், பிறகு அதே விளிம்பில் இடித்து ஏறும். அதுவும் பிரேக்கை அழுத்திய நிலையில். பிரேக் போடும்போது வண்டியின் பாரம் முன்னால் வந்துவிடுகிறது. சக்கரம் முன்னும் பின்னும் அசையாமல் பிடித்து வைக்கிற வேலையை, சக்கரத்தை வண்டிச் சட்டத்தோடு கீழே இணைக்கும் லோயர் ஆர்மின் பின்பக்க ரப்பர் புஷ் செய்கிறது. அங்கேதான் அடி விழுகிறது. சமவெளியில் ஓட்டுபவர்கள் "என் வண்டியில் லோயர் ஆர்ம் தொட்டதே இல்லை" என்று சொல்வதை வைத்து நம் பில்லை அளக்கக் கூடாது.

சரி, வேலைக்கு வருகிறேன். முந்தைய வருஷம் கீழே ஒரு ஒர்க்ஷாப்பில் இரண்டு லோயர் ஆர்மும் புதிதாகப் போட்டேன். கம்பெனி பார்ட்ஸ், கூலியும் குறைவு. அடுத்த மழைக்காலம் முடிவதற்குள் சத்தம் திரும்ப வந்தது. இந்த முறை கோவையில் ஒரு பெரிய ஒர்க்ஷாப்பில் விட்டேன். வழக்கமாகப் பார்க்கும் கோத்தகிரி மெக்கானிக் படுகர்களின் ஹெத்தையம்மன் பண்டிகைக்கு ஹட்டிக்கு, அதாவது தன் கிராமத்துக்குப் போயிருந்தார். சத்தத்தோடு அத்தனை தூரம் இறங்க எனக்கு இஷ்டமில்லை, ஆனால் ஸ்டியரிங்கும் இடது பக்கம் இழுக்க ஆரம்பித்திருந்தது. அதைத் தள்ளிப்போட முடியாது.

கோவையில் சோதித்த விதம் எனக்கு ரொம்பப் பிடித்தது. முதலில் ஸ்டியரிங்கை நின்ற இடத்திலேயே திருப்பச் சொல்லி, ஸ்பிரிங் மேல் கை வைத்துப் பார்த்தார் டெக்னீஷியன். ஸ்பிரிங் வழுக்காமல் சிக்கிச் சிக்கி டக்கென்று குதித்தது: ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்த ஸ்ட்ரட்டை மேலே வண்டியோடு பிணைக்கும் மவுண்ட்டின் பேரிங் போய்விட்டது. பிறகு வண்டியைத் தூக்கி, சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டினார், அப்புறம் பக்கவாட்டில் பிடித்து ஆட்டினார். பக்கவாட்டில் ஆட்டம் இல்லை, அதாவது ஸ்டியரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராட் நன்றாக இருக்கிறது. அதை மாற்றச் சொல்லவில்லை. இடது ஷாக் அப்சார்பரில் ஆயில் வழிந்து தூசி சேறாக ஒட்டியிருந்தது. லேசான ஈரம் என்றால் விட்டுவிடலாம், இது வழிந்தே இருந்தது. வளைவில் வண்டி சாயாமல் பிடிக்கும் கம்பியோடு ஸ்ட்ரட்டை இணைக்கும் லிங்க் ராடு இரண்டையும் கழற்றிவிட்டு வளாகத்துக்குள் மெதுவாக ஓட்டிக் காட்டினார், பாதிச் சத்தம் போயிருந்தது. எதையும் சும்மா சொல்லாமல் கையில் காட்டினார்கள். இந்த அளவுக்கு யாரும் எனக்கு விளக்கியதில்லை.

லோயர் ஆர்மைக் கழற்றியதும் என்னைக் கூப்பிட்டார். புஷ் ரப்பர் ஒரே திசையில் முறுக்கிக் கிழிந்திருந்தது. "போன தடவை லிஃப்ட்ல தொங்கவிட்டே போல்ட்டை டைட் பண்ணியிருக்காங்க சார்" என்றார்.

இதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும், பெரும்பாலானவர்கள் பணத்தை இழப்பது இந்த இடத்தில்தான். லோயர் ஆர்ம் புஷ் என்பது உள்ளே ஒரு இரும்புக் குழாய், வெளியே ஒரு இரும்பு வளையம், நடுவே ரப்பர். போல்ட்டை முறுக்கியதும் உள்குழாய் சட்டத்தோடு இறுகி நின்றுவிடும். அதன்பின் ஆர்ம் மேலும் கீழும் போக வேண்டுமென்றால் ரப்பர்தான் முறுக்கிக்கொள்ள வேண்டும். வண்டி தரையில் சக்கரத்தின் மேல் நிற்கும் உயரத்தில் வைத்து முறுக்கினால், சாதாரண ஓட்டத்தில் ரப்பர் இளைப்பாறும் நிலையில் இருக்கும். லிஃப்ட்டில் சக்கரம் தொங்கிக்கொண்டிருக்கும்போது முறுக்கினால், வண்டி தரையில் இறங்கிய நொடியிலேயே ரப்பர் முறுகிவிடும். நிற்கும்போதும் முறுக்கத்தோடேயே நிற்கும். அதற்கு மேல் நம்முடைய தார் விளிம்பு அடியும் சேர்ந்தால் எத்தனை நாள் தாங்கும்? இரண்டு தூண் லிஃப்ட் வைத்திருக்கும் இடங்களில் இந்த அவசரம் அதிகம் நடக்கிறது. கோத்தகிரியில் நம் மெக்கானிக்கிடம் லிஃப்ட் கிடையாது, பழைய குழிதான். குழி மேல் வண்டி தன் நான்கு சக்கரத்தில் நிற்கிறது. அதனால் கடைசி முறுக்கை அந்த நிலையிலேயே கொடுத்தால் போல்ட் சரியான உயரத்தில் இறுகும். லிஃப்ட் இருந்தால்தான் நல்ல ஒர்க்ஷாப் என்று நினைப்பவர்களுக்காக இதைச் சொல்கிறேன்.

கோவையில் என்ன செய்தார்கள்? கடைசி முறுக்கை, வண்டி சக்கரத்தில் நிற்கும் அலைன்மென்ட் (சக்கரக் கோணம் சரிபார்க்கும்) மேடையில் வைத்து, முறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சால் செய்தார்கள். நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். இந்த வேலைக்கு பில்லில் தனி வரி இல்லை. ஆனால் அந்தப் பில்லில் இருக்கும் எந்த வரியையும் விட அதுதான் மதிப்பானது.

இப்போது கணக்கு. பார்ட்ஸ், வரி சேர்க்காமல்: லோயர் ஆர்ம் இரண்டு 4,300. முன் ஷாக் அப்சார்பர் இரண்டு 5,400. பேரிங்கோடு மவுண்ட் இரண்டு 1,760. லிங்க் ராடு இரண்டு 1,280. மொத்தம் 12,740.

வலது ஷாக் வழியவில்லை, அதையும் ஏன் மாற்ற வேண்டும் என்று வீட்டில் கேட்டார்கள். ஒரே அச்சில் ஒன்று புதிதாகவும் ஒன்று தளர்ந்தும் இருந்தால் இறக்கத்தில் பிரேக் போடும்போது வண்டி இரண்டு பக்கமும் ஒரே மாதிரி அமராது. ஷாக்கை ஜோடியாக மாற்றுவது சரி. ஆர்ம் விஷயத்தில் அப்படிக் கட்டாயம் கிடையாது. வலது புஷ்ஷிலும் அதே திசையில் விரிசல் தெரிந்ததால் சம்மதித்தேன். புஷ் மட்டும் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும், பிரஸ்ஸில் வைத்து ஏற்றிவிடலாம். ஆர்ம் சக்கரத்தோடு சேரும் முனையில் இருக்கும் பால் ஜாயின்ட்டின் உறை கிழியாமல் இருந்தால் நானும் அதைத்தான் கேட்டிருப்பேன். இடது உறை கிழிந்து கிரீஸ் வெளியே வந்திருந்தது.

விலையைச் சரிபார்ப்பது சுலபம். பில்லில் வரி இல்லாத விலை இருக்கும், அதோடு வரியைக் கூட்டினால் பெட்டியில் அச்சிட்ட எம்ஆர்பியைத் தாண்டக் கூடாது, ஏனென்றால் எம்ஆர்பி எல்லா வரியும் உட்பட்டது. பழைய பெட்டியைக் கேட்டு வாங்குங்கள். என் ஆர்ம் பெட்டி பழைய ஸ்டாக், 2,752 ரூபாய் என்று அச்சு. 2025 செப்டம்பர் 22 முதல் வாகன உதிரிபாகங்களுக்கு ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 ஆகிவிட்டது. பில்லில் 2,150ம் 18 சதவீத வரியும், ஆக 2,537. அதாவது வரிக் குறைப்பை ஒழுங்காக எனக்குக் கொடுத்திருக்கிறார்கள். மொத்தப் பார்ட்ஸில் 1,274 ரூபாய் மிச்சம். இதற்காக அவர்களை மனதாரப் பாராட்டுகிறேன்.

கூலி இப்படி: ஸ்ட்ரட் கழற்றி மாட்ட இரண்டு பக்கமும் 1,800. மவுண்ட் மாற்ற 600. லோயர் ஆர்ம் 1,600. லிங்க் ராடு 500. அலைன்மென்ட் 650. கன்ஸ்யூமபிள்ஸ் 250. மொத்தம் 5,400, அதற்கும் 18 சதவீதம்.

ஸ்ட்ரட்டும் ஆர்மும் கேட்ட கூலி சரி. வேலை பார்த்ததைக் கண்ணால் பார்த்தேன். அலைன்மென்ட் இந்த வேலைக்குப் பின் கட்டாயம், முன்னும் பின்னும் எடுத்த அளவுத் தாளைக் கொடுத்தார்கள். கன்ஸ்யூமபிள்ஸ் என்ன என்று கேட்டால் கிரீஸ், கிளீனர் என்றார்கள். போகட்டும்.

மவுண்ட்டுக்கு 600 எதற்கு? ஷாக்கை மாற்ற வேண்டுமென்றால் ஸ்ட்ரட்டை வெளியே எடுத்து, ஸ்பிரிங்கை அழுத்தி, மேலே இருக்கும் மவுண்ட்டைக் கழற்றினால்தான் முடியும். மவுண்ட் ஏற்கனவே மேஜை மேல் கிடக்கிறது. பழையதற்குப் பதில் புதியதை வைப்பதற்கு ஒரு கூலியா? லிங்க் ராடும் அப்படித்தான். என் வண்டியில் அதன் மேல் முனை ஸ்ட்ரட்டிலேயே பூட்டியிருக்கிறது. ஸ்ட்ரட்டை எடுக்க அதைக் கழற்றியே ஆக வேண்டும். மீதி இருப்பது கீழே ஒரு நட். அந்த நட் துருவேறி கிரைண்டரில் அறுக்க வேண்டி வந்தால் கூலி கேட்பது நியாயம். இங்கே சோதனைக்காகவே அதைக் கழற்றிவிட்டார்களே. 600, 500, வரி சேர்த்து 1,298. செய்த வேலைக்கு இரண்டாவது தடவை கூலி.

ஒர்க்ஷாப்பின் சர்வீஸ் அட்வைசரிடம் கேட்டேன். "அது சிஸ்டத்துல தனித்தனி கோடு சார், நாங்க எடுக்க முடியாது" என்றார்.

"ஸ்ட்ரட்டைக் கழட்டாம மவுண்ட்டை மாத்த முடியுமா?"

"முடியாது சார்."

"அப்புறம் எப்படி ரெண்டு கூலி?"

"சிஸ்டம் அப்படித்தான் போடுது சார். வேணும்னா ஒரு வாட்டர் வாஷ் ஃப்ரீயா போட்டுத் தர்றேன்."

எனக்கு வாஷ் வேண்டாம். வரிக் குறைப்பில் எனக்கு வந்த 1,274 ரூபாயும் அப்படியே இந்த இரட்டைக் கூலியில் போய்விட்டது, மேலே 24 ரூபாய் நான் கொடுத்திருக்கிறேன். கேள்வி சரி என்று ஒப்புக்கொண்டு, பதிலை கம்ப்யூட்டர் மேல் போட்ட விதம்தான் எனக்குக் கோபம். மேலதிகாரியைப் பார்க்க வேண்டும் என்றேன், மீட்டிங்கில் இருக்கிறார் என்றார்கள். இருட்டுவதற்குள் மலை ஏற வேண்டும், பணத்தைக் கட்டிவிட்டு வந்தேன்.

உங்களுக்கு இதே மாதிரி ஒரு பில் வந்தால் மொத்தத்தைப் பார்த்துப் பதறாதீர்கள். மலையில் ஓடும் வண்டிக்கு இத்தனை பார்ட்ஸ் ஒரே நேரத்தில் தேய்வது நடக்கக்கூடியதுதான். எஸ்டிமேட் தரும்போதே கூலி வரிகளை எடுத்து, எந்த வேலை எந்த வேலைக்குள் அடங்குகிறது என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். பில் போட்ட பிறகு கேட்டால் எனக்கு வந்த பதில்தான் வரும். புஷ் போல்ட்டை எந்த நிலையில் முறுக்குவீர்கள் என்றும் கேளுங்கள். முழிக்கிறார்கள் என்றால் வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள், கூலி எவ்வளவு குறைவாக இருந்தாலும் சரி. முந்தைய வருஷத்து மலிவான பில்தான் எனக்கு இரண்டு ஆர்மையும் தண்டமாக்கியது.

வண்டி இப்போது எப்படி? சத்தம் சுத்தமாக இல்லை. அரவேணு தாண்டி வரும் மேடுபள்ளத்தில் ரேடியோவை அணைத்துவிட்டுக் கேட்டேன், டயர் ஓசை மட்டும்தான். ஸ்டியரிங் நேராக நிற்கிறது. புது வண்டி எடுத்த வருஷத்தில்கூட இவ்வளவு திடமாக இறங்கியதாக நினைவில்லை. இதைவிட நல்ல சஸ்பென்ஷன் வேலையை நான் பார்த்ததில்லை.

ஆனால் அந்த ஒர்க்ஷாப்புக்கு இனி வண்டியைக் கொண்டுபோக மாட்டேன். பின் ஷாக் இரண்டும் சீசனுக்கு முன்னால் மாற்ற வேண்டும். கோத்தகிரி மெக்கானிக்கிடம் பேசிவிட்டேன். "ஒரு வீலுக்கு இவ்வளவுன்னு வாங்கிக்கிறேன் அண்ணா, உள்ள எத்தனை பார்ட்ஸ் மாத்தினாலும் அதே கூலிதான்" என்றார். அவர் ஜிஎஸ்டி பில் தர மாட்டார், அச்சடித்த அளவுத் தாளும் தர மாட்டார். பரவாயில்லை. பார்ட்ஸை நானே பெட்டியோடு வாங்கிக் கொடுக்கிறேன், அவர் குழியில் வைத்துப் போடட்டும்.