டீசல்ஃபேட்டரா, மெதுவா ஏத்துற சார்ஜா? செத்துக்கிட்டிருக்கிற பேட்டரிக்கு எது உதவும்

வண்டியோட 12 வோல்ட் லெட்-ஆசிட் பேட்டரி இறங்கிப் போய் மாசக்கணக்கா கெடந்துச்சுன்னா தகட்டுல லெட் சல்ஃபேட் கெட்டிப்பட்டு உக்காந்துக்கும், அப்புறம் சார்ஜர் மாட்டினா கொஞ்ச நேரத்துலயே ஃபுல்லுன்னு காட்டும், லோடு போட்டதும் படுத்துடும். இதுக்கு பல்ஸ் டீசல்ஃபேட்டர் (விட்டு விட்டு மின்துடிப்பு அனுப்பி அந்த சல்ஃபேட்டைக் கரைக்கும்னு விக்கிற கருவி), கம்மி ஆம்ப்ல நீள சார்ஜ், எப்சம் உப்பை (மெக்னீசியம் சல்ஃபேட்) பேட்டரிக்குள்ள போடுறதுன்னு மூணு வழி சொல்றாங்க.

எதுல இறங்குறதுக்கு முன்னாடியும் ஹைட்ரோமீட்டர் (ஆசிட்டோட அடர்த்தியை அளக்கிற கருவி, சார்ஜ் ஏற ஏற ரீடிங் கூடும்) வச்சு ஆறு செல்லையும் பாத்துருங்க. சார்ஜ் போட்டப்புறமும் அஞ்சு செல் 1.230 காட்டி ஒண்ணு மட்டும் 1.120லயே நின்னா அந்த செல் பெரும்பாலும் போயிடுச்சு, அதுக்கு மேல செலவு பண்ணாதீங்க. ஆறும் ஒண்ணுபோல கம்மியா இருந்தாதான் சல்ஃபேட்னு நம்பி வேலை பாக்கலாம்.

டீசல்ஃபேட்டர்ல இருக்கிற சௌகரியம், மாட்டிட்டு மறந்துடலாம். ஆனா வாரக்கணக்குல ஆகும், கூடவே சார்ஜரும் ஓடணும், அதனால கடைசியில பேட்டரி தேறினா அது பல்ஸால தேறிச்சா இல்ல அத்தனை நாள் சார்ஜ்லயே இருந்ததாலயான்னு பிரிச்சு சொல்லவே முடியாது. அதான் எனக்கு இதுல முழு நம்பிக்கை வரல.

என் ஓட்டு மெதுவான சார்ஜுக்குத்தான். 60 ஆம்பியர் ஹவர் பேட்டரின்னா 1, 2 ஆம்ப்ல ஒரு நாள், ரெண்டு நாள் விடுங்க. தண்ணி ஊத்துற வகையா இருந்தா அதுக்கப்புறம் 15.5 வோல்ட் வரைக்கும் ஈக்வலைஸ் (எல்லா செல்லும் ஒண்ணுபோல வர வேணும்னே கொஞ்சம் கூடுதலா சார்ஜ் ஏத்துறது) பண்ணலாம், வண்டியில இருந்து கழட்டிட்டு, காத்தோட்டமான இடத்துல, ஏன்னா ஹைட்ரஜன் வரும், பக்கத்துல ஒரு பொறி கூட ஆகாது. மூடியைத் திறந்தா எல்லா செல்லுலயும் ஒரே மாதிரி பொடிப்பொடியா குமிழி வரணும், மணிக்கு ஒருதரம் ரீடிங் எடுங்க, தொடர்ந்து மூணு தரம் ஏறலன்னா நிறுத்திடலாம். டப்பா சூடு 50 டிகிரி நெருங்கினா உடனே ஆஃப். டிஸ்டில்டு வாட்டர் ஆரம்பத்துல தகடு மூழ்குற அளவுக்கு மட்டும், மீதி சார்ஜ் முடிஞ்சப்புறம்தான், இல்லன்னா ஆசிட் பொங்கி வழியும். ஏஜிஎம், ஜெல் மாதிரி மூடி சீல் பண்ணின பேட்டரிக்கு இந்த ஈக்வலைஸ் வேண்டவே வேண்டாம், உள்ள தண்ணி போனா திருப்பி ஊத்த வழி இல்ல.

எப்சம் உப்பை தொடாதீங்க. அது கரைஞ்சதுமே ஹைட்ரோமீட்டர் ரீடிங் ஏறிடும், சார்ஜ் ஏறின மாதிரியே இருக்கும், அப்புறம் நம்ம கையில இருந்த ஒரே நம்பகமான அளவுகோலும் போச்சு.

தேறின பேட்டரியை சும்மா வைக்கிறதா இருந்தா 13.5 வோல்ட் ஃப்ளோட்ல (இறங்காம இருக்க சார்ஜர்ல தொடர்ந்து கம்மியா ஏத்திட்டே இருக்கிறது) விட்டுருங்க, இல்ல மாசம் ஒருதரம் மீட்டர் வச்சு பாத்து 12.4 வோல்ட்டுக்கு வந்ததும் சார்ஜ் போடுங்க.