மாமாவின் லென்ஸ்கள் தீர்த்த வழக்கு: நிக்கோன் டிஎஃப்பா, டி750யா?

நிக்கோன் கமராக்களான டிஎஃப், டி750 இரண்டில் எதை வாங்குவது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். கொழும்பு வெள்ளவத்தையில் மாமா வீட்டு அலுமாரியைத் துப்புரவாக்கியபோது, நிக்கோன் தயாரித்த இரண்டு பழைய நிக்கோர் லென்ஸ்கள் கிடைத்தன. ஒன்று 50 மி.மீ., எஃப்/1.4, மற்றது 105 மி.மீ., எஃப்/2.5. அவை இல்லாவிட்டால் இன்று என் தோளில் டிஎஃப்புக்குப் பதிலாக டி750தான் தொங்கியிருக்கும்.

தாளில் பார்த்தால் போட்டியே இல்லை. 2014இல் வந்த டி750இல் 24.3 மெகாபிக்சல், தானாகக் குவியம் செய்ய 51 புள்ளிகள், காணொளி, சாய்க்கக்கூடிய திரை, இரண்டு நினைவக அட்டைக்கு இடம். அதற்கு முந்திய ஆண்டு வந்த டிஎஃப்பில் 16.2 மெகாபிக்சல், 39 புள்ளிகள், ஓர் அட்டை. காணொளி அறவே கிடையாது. நான் விசாரித்த இடங்களில் பழைய டிஎஃப்புக்குத்தான் விலையும் கூடுதலாக இருந்தது.

ஆனால் மாமாவின் லென்ஸ்கள் 1977க்கு முந்தியவை. அந்த ஆண்டில்தான் நிக்கோன், துவார வளையத்தின் (ஒளி நுழையும் துளையைப் பெரிதாக்கிச் சிறிதாக்கும் லென்ஸ் வளையம்) நிலையைக் கமராவுக்குச் சொல்லும் 'ஏஐ' என்ற முறையைக் கொண்டுவந்தது; இது செயற்கை நுண்ணறிவு அல்ல. அதற்கு முந்திய லென்ஸை டி750இல் திருகினால், பூட்டு வளையத்தின் ஓரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் சிறு நெம்பில் இடிக்கும். வலிந்து திருகினால் உடையும். டிஎஃப்பில் அந்த நெம்பை விரலால் மடித்துவிடலாம். பிறகு லென்ஸ் வழுக்கிக்கொண்டு பூட்டிக்கொள்ளும். நான் கூடுதலாகக் கொடுத்த பணம் முழுவதும் இந்த ஒரு நெம்புக்குத்தான்.

வசதி இலவசமாக வருவதில்லை. லென்ஸின் விவரத்தைக் கமராவின் மெனுப் பட்டியலில் பதிய வேண்டும். அதன்பின் துவாரத்தை லென்ஸ் வளையத்தில் ஒருமுறை, கமராச் சக்கரத்தில் ஒருமுறை என இரு தடவை வைக்க வேண்டும். ஒரு மாலை செட்டியார் தெருவில் பூக்காரர் ஒருவரைப் படமெடுத்தேன். வளையத்தை 5.6க்குத் திருப்பிவிட்டு, கமராவை 2.5இலேயே விட்டுவிட்டேன். பன்னிரண்டு படங்களும் இருட்டு. மறுபடி எடுத்ததில் மல்லிகைச் சரமும் விரல் நகத்தின் அழுக்கும் தெளிவாக விழுந்தன; பின்னால் நகைக்கடை விளக்குகள் மெழுகாய்க் கரைந்திருந்தன. ஒளியுணர்திறனை ஐஎஸ்ஓ 6400 வரை உயர்த்தியும் படத்தில் மணல்போன்ற புள்ளிகள் உறுத்தவில்லை. படத்தைப் பதியும் உணரி, நிக்கோனின் தொழில்முறைக் கமராவான டி4இல் இருந்த அதே உணரிதான்.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். கையால் குவியம் செய்யும் ஆட்களுக்காகவே செய்ததுபோன்ற கமராவில், பழைய பிலிம் கமராக்களில் இருந்த பிளவுபட்ட குவியத் திரை (குவியம் சரியானதும் இரண்டாகப் பிளந்த உருவம் ஒன்றுசேரும் திரை) இல்லை. குவியம் சரியானதும் பார்க்கும் கண்ணாடியின் மூலையில் எரியும் பச்சைப் புள்ளியை நம்ப வேண்டும். வெளிச்சத் திருத்தச் சக்கரத்தைத் திருப்ப ஒவ்வொரு முறையும் நடுப் பொத்தானை அழுத்த வேண்டியிருப்பது எரிச்சல். மேலே மற்றச் சக்கரங்களைப் பார்த்தவுடன் ஷட்டர் வேகமும் ஐஎஸ்ஓவும் தெரிவது மட்டும் உண்மையிலேயே இன்பம்.

கடற்காற்றில் பூஞ்சணம் பிடிப்பது இரண்டுக்கும் பொது. காற்றுப்புகாத பெட்டி, சிலிக்கா ஜெல், அவ்வளவுதான்.

டி750ஐ நண்பரிடம் இரவல் வாங்கி ஒரு வாரம்தான் பாவித்தேன். கைப்பிடி ஆழமானது, நாள் முழுக்கத் தூக்கினாலும் விரல் நோகவில்லை. ஓடும் பிள்ளைகளைப் பிடிப்பதிலும் அது முந்துவதாகவே பட்டது. பறவை, விளையாட்டு பற்றிச் சொல்லும் அளவுக்கு நான் எடுத்துப் பார்த்ததில்லை. அந்த நண்பர் கல்யாண வீடுகளில் படமெடுப்பவர். என் டிஎஃப்பைக் கையில் வாங்கிச் சக்கரங்களை ஆசையாகத் திருப்பிப் பார்த்தார். அடிப்பக்கக் கதவைத் திறந்து, பற்றரிக்குப் பக்கத்தில் தனியாக இருந்த ஒற்றை அட்டையைக் கண்டதும், "தாலி கட்டுற நேரம் இது பழுதானால் நான் எங்கே ஓடுவது?" என்று திருப்பித் தந்துவிட்டார்.