ஆகர் குழாயை இரண்டடி நீட்டினேன்: சில போகங்களின் அனுபவம்

எங்கள் பக்கம் திருத்துறைப்பூண்டி கடைமடை, ஆற்றுத் தண்ணீர் கடைசியாக வந்து சேரும் பகுதி. களிமண். தை மாதம் சம்பா அறுப்பு நடக்கும்போதும் பல வயல்களில் ஈரம் வற்றியிருக்காது. டயரில் ஓடும் நெல் அறுவடை மிஷின் புதைந்துவிடும் என்பதால், டயருக்குப் பதில் அகலமான பெல்ட்டில் ஓடும் பெல்ட் மிஷின்தான் இறக்குவோம். மிஷின் இறங்கினாலும் நெல் ஏற்றும் டிராக்டர் டிப்பர் இறங்காது. அது வண்டிப்பாதையிலேயே நிற்கும். பாதைக்கும் வயலுக்கும் நடுவே அனேகமாக ஒரு வாய்க்கால் ஓடும். மிஷினின் டேங்கில் சேரும் நெல்லை வெளியே கொட்டுவது ஆகர் குழாய். கம்பெனியிலிருந்து வந்த அந்தக் குழாயை முழுதாகத் திருப்பினாலும் அதன் வாய் டிப்பரின் விளிம்போடு நின்றுவிடும். கொட்டினால் ஒரு பங்கு நெல் வாய்க்காலுக்குப் போகும்.

இதற்கு இங்கே இரண்டு வழிதான் இருந்தது. வரப்பை வெட்டி மிஷினைப் பாதைக்கு ஏற்றுவது ஒன்று. ஈர வரப்பில் பெல்ட் ஏறினால் கரை சரியும், அடுத்த போகத்துக்குள் அதைக் கட்டித்தர ஆள் கிடைக்காது. இன்னொன்று, வயல் மூலையில் தார்ப்பாயை விரித்துக் கொட்டி, கூடையில் அள்ளிச் சுமப்பது. வாடகை மணிக்கணக்கு. மிஷின் அறுக்காமல் நடந்த நேரமும் விவசாயி கணக்கில்தான் ஏறும். நானும் நிலம் வைத்திருப்பவன். அந்தக் காசு எவ்வளவு வலிக்கும் என்று எனக்குத் தெரியும். அதற்காகத்தான் குழாயை நீட்ட முடிவு செய்தேன்.

வாரண்டி முடிந்த பிறகுதான் கை வைத்தேன். வெளிக்குழாயை மட்டும் நீட்டினால் போதும் என்று சிலர் சொல்வார்கள். அது நடக்காது. படுக்கைக் குழாய்க்குள் நெல்லைத் தள்ளுவது உள்ளே சுற்றும் ஸ்க்ரூ. ஸ்க்ரூ முடிந்த இடத்துக்கு அப்பால் நெல் தானாக நகராது, அங்கேயே அடைத்துக்கொள்ளும். அதனால் குழாய், தண்டு, அதைச் சுற்றிய பிளேடு மூன்றும் சேர்ந்து நீள வேண்டும். தண்டு இணைப்புக்கு உள்ளே ஒரு ஸ்லீவ் (இணைப்புக் குழல்), குறுக்கே இரண்டு போல்ட். முனையில் இருந்த பேரிங்கைக் கழற்றிப் புது முனையில் மாட்டினோம். லேத் பட்டறைக்காரர் அதிக நேரம் எடுத்துக்கொண்டது ஒரே ஒரு இடத்தில்: பழைய பிளேடு முடியும் விளிம்பும் புதுப் பிளேடு தொடங்கும் விளிம்பும் ஒரே சுற்றாகச் சேர வேண்டும். அங்கே படி விழுந்தால் வைக்கோல் துண்டு சிக்கும், அதன் மேல் நெல் சேரும். தண்டு நேராக இருக்கிறதா என்று லேத்தில் சுற்றவிட்டுப் பார்த்த பிறகே குழாய்க்குள் ஏற்றினார். வெளிக்குழாயை ஃபிளாஞ்ச் (விளிம்பு வளையம்) வைத்துப் போல்ட் போட்டோம், வெல்டிங் வைக்கவில்லை. வேண்டாதபோது கழற்றலாம். இரும்பும் கூலியும் சேர்ந்து 15,000 ரூபாய்க்குள் முடிந்தது.

பலன் முதல் போகத்திலேயே தெரிந்தது. மிஷின் வயலுக்குள்ளேயே நின்று வாய்க்காலுக்கு மேலாக டிப்பரின் நடுவில் கொட்டியது. வரப்பு வெட்டவில்லை. இரவு அறுப்பில் இது இன்னும் பெரிய உதவி. கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதம் தாண்டினால் பேச்சு வளரும். நெல் தார்ப்பாயில் குவிந்து பனியில் கிடக்காமல் நேராகக் களத்துக்குப் போய்க் காலை வெயிலுக்கு விரிய முடிந்தது. நெல்லை 40 கிலோ மூட்டையாகப் பிடிக்கும் வரை எங்களுக்கு நிம்மதி கிடையாது என்பது டெல்டாவில் எல்லாருக்கும் தெரிந்ததுதானே.

இனி, நீட்டிய பிறகு குழாய் நம்மிடம் கேட்பதைச் சொல்கிறேன். கூடிய எடை பத்துப் பன்னிரண்டு கிலோதான். ஆனால் அது தொங்குவது முனையில். அதன் இழுப்பு முழுவதும் குழாய் திரும்பும் மூட்டிலும் தூக்கும் சிலிண்டரிலும் விழுகிறது. இரண்டாவது வருஷம் மூட்டுக்குப் பக்கத்தில், பழைய குழாயில், மயிரிழை விரிசல் வந்தது. நாங்கள் போட்ட இணைப்பில் ஒன்றும் இல்லை. அந்த இடத்தில் பட்டை வைத்துக் கட்டிய பிறகு மறுபடி வரவில்லை. விரிசலுக்குப் பெரிய காரணம் கொட்டும்போது வரும் பாரம் அல்ல, லாரியில் ஏற்றிப் போகும்போது வரும் குலுக்கல் என்று நினைக்கிறேன். மடக்கி வைக்கும் தாங்கிக்கு வெளியே இரண்டடி சும்மா தொங்கினால் ஒவ்வொரு பள்ளத்துக்கும் அது ஆடும். முனைக்கு அருகே இன்னொரு தாங்கி வைத்து, ரப்பர் போட்டு, பெல்ட்டால் இறுக்கிக் கட்டினோம். நீட்டுகிறவர்கள் இந்தத் தாங்கியையும் அன்றைக்கே செய்துவிடுங்கள்.

நீளம் கூடினால் ஸ்க்ரூவைச் சுற்ற வேண்டிய பலமும் கூடும். காய்ந்த நெல்லில் தெரியாது. மழை பிடித்த குறுவை நெல்லில் டிரைவ் பெல்ட் வழுக்கும், கருகிய வாசனை வரும். இதற்கு ஆபரேட்டரின் பழக்கம்தான் மருந்து. எஞ்சின் வேகத்தைக் கூட்டிய பிறகே ஆகரைப் போட வேண்டும். டேங்க் காலியான உடனே நிறுத்தாமல், குழாய்க்குள் இருப்பதும் வெளியே வரும்வரை ஓடவிட வேண்டும். டிப்பர் டிரைவர் "அண்ணே, நிறுத்துங்க, கொஞ்சம் முன்னாடி எடுக்கிறேன்" என்று பாதியில் கை காட்டுவார். அங்கேதான் குழாய் நிறைய நெல்லோடு நின்று, மறுபடி தொடங்கும்போது பெல்ட் சாகும். டிப்பரை முதலிலேயே சரியாக நிறுத்தச் சொல்லிவிடுவது நல்லது.

தேய்மானமும் உண்டு. நெல் உமியில் சிலிக்கா அதிகம், அரம் போல இரும்பைத் தின்னும். பிளேடு ஓரம் மெலிந்து கத்தியாகிவிட்டால் பிபிடி 5204 போன்ற சன்ன ரகத்தில் உமி உரிந்த அரிசி கலந்து விழுவதைப் பார்த்தேன். போகம் முடிந்ததும் முனையைக் கழற்றி விளிம்பைத் தடவிப் பாருங்கள். கூர் தெரிந்தால் பிளேடு மாற்ற வேண்டும்.

இவை எல்லாவற்றையும்விட எனக்குப் பயம் தருவது மின்கம்பி. வயல்வெளியில் செல்லும் திறந்த கம்பி விதிப்படி தரையிலிருந்து 4.6 மீட்டருக்குக் கீழே வரக்கூடாது. ஆனால் கம்பம் சாய்ந்த இடங்களில் எவ்வளவு தொய்ந்து கிடக்கிறது என்பதை நாம் தினமும் பார்க்கிறோம். தூக்கிய நிலையில் நீண்ட குழாய் எதிர்பாராத இடத்தில் போய் நிற்கும். இரவில் இருக்கையிலிருந்து அதன் முனை சரியாகத் தெரியாது. முனையில் மஞ்சள் பெயின்ட் அடித்து, ஒரு சின்ன எல்இடி விளக்கும் மாட்டியிருக்கிறேன். வயலில் இறங்குமுன் ஆபரேட்டர் ஒரு சுற்று நடந்து கம்பி எங்கே போகிறது என்று பார்த்தாக வேண்டும். பார்க்காமல் குழாயைத் தூக்கக்கூடாது. இதில் நான் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை.

நான்கடி நீட்டலாமா என்று பலர் கேட்கிறார்கள். வேண்டாம். டேங்க் நிறைய நெல்லோடு, சேற்றில் ஒரு பக்க பெல்ட் இறங்கி நிற்கும்போது, அதே பக்கம் அவ்வளவு நீளத்தைத் திருப்பினால் மிஷின் சாய்வது உடம்பிலேயே தெரியும். இரண்டடிக்கு மேல் எட்ட வேண்டுமென்றால் குழாய் வாயில் ரப்பர் ஷீட் மடித்துச் சரிவாகக் கட்டுங்கள். கீழ்நோக்கிய சரிவில் நெல் தானாக வழியும், இன்னும் ஓரடி கிடைக்கும், தூசியும் பறக்காது. உங்கள் ஊரில் தை மாதம் வயல் காய்ந்து டிப்பர் மிஷினுக்குப் பக்கத்திலேயே வருகிறது என்றால் இந்த வேலையே தேவையில்லை. அந்தப் பணத்தைக் கதிரை வெட்டும் கட்டர் பார் பிளேடுக்கும் பெல்ட்டுக்கும் வைத்துக்கொள்ளுங்கள்.