ஹைட்ரஜன் சல்பைடுக்கு எது: கிப்ஸா, சோடியம் சல்பைடா, தயோஅசிட்டமைடா?

பெயர் தெரியாத உப்பைக் கையில் கொடுத்து அதில் என்னென்ன அயனிகள் இருக்கின்றன என்று கேட்டால், மாணவர்கள் பாதி வேலையைச் சிரமமில்லாமல் முடித்துவிடுவார்கள். நீர்த்த அமிலத்தில் நுரைத்தால் கார்பனேட், பழுப்பு வளையம் வந்தால் நைட்ரேட், சுடரில் ஆப்பிள் பச்சை தெரிந்தால் பேரியம். நேர் அயனிகளை எந்த வினைபொருளில் வீழ்படிகின்றன என்று பார்த்துத் தொகுதி தொகுதியாகப் பிரிப்போம். தகராறு ஆரம்பிப்பது இரண்டாம் தொகுதியில். ஈயம், தாமிரம், பிஸ்மத், காட்மியம் ஆகியவற்றைச் சல்பைடாக வீழ்படிய வைக்க ஹைட்ரஜன் சல்பைடு வேண்டும். அதை எப்படித் தயாரிப்பது என்பதுதான் கேள்வி.

ஆய்வகப் பொறுப்பு என்னிடம் வந்தபோது எங்களிடம் இருந்தது கிப்ஸ், அதாவது வாயு தயாரிக்கும் கண்ணாடிச் சாதனம். நடுவில் ஒரு வருடம் சோடியம் சல்பைடுக்குப் போனோம். இப்போது மூன்று வருடமாகத் தயோஅசிட்டமைடு. நான் யார் பக்கம் என்பதை ஒளிக்கவில்லை, கடைசியாகச் சொன்னதன் பக்கம்தான். பி.எஸ்சி. இரண்டாம் ஆண்டில் ஒரு வகுப்புக்கு 30 பேர், ஆளுக்கு இரண்டு நேர் அயனி, இரண்டு எதிர் அயனி கலந்த உப்பு. என் கணக்கெல்லாம் இந்த அளவுக்குத்தான்.

மூன்றிலிருந்தும் வருவது ஒரே வாயுதான், ஒரே விஷம்தான். அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும்வரை பரவாயில்லை. பத்து லட்சத்தில் 100 பங்கை நெருங்கினால் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது, ஆபத்து அங்கேதான். எனவே ஃபியூம் ஹூட், அதாவது ஆவியை வெளியே இழுத்துவிடும் அடைப்பு, எதற்கும் வேண்டும். அதைப் பற்றி மேலே பேச ஒன்றுமில்லை.

சரி, கிப்ஸ். நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரில் மருந்துக்கடை வைத்திருந்த பெட்ரஸ் யாகோபஸ் கிப் 1840களில் வடிவமைத்த கண்ணாடிச் சாதனம். நடுக் குமிழில் இரும்பு சல்பைடு, மேலிருந்து அமிலம். குழாயைத் திறந்தால் அமிலம் கல்லைத் தொட்டு வாயு வரும். மூடினால் வாயுவின் அழுத்தமே அமிலத்தைக் கீழே தள்ளிவிடும், வினை நின்றுவிடும். கரும்பலகையில் வரைந்து காட்ட இதைவிட அழகான சாதனம் இல்லை.

பராமரிப்புதான் உயிரை எடுக்கும். இரும்பு சல்பைடு குச்சிகளை நெல்லிக்காய் அளவுக்கு உடைத்துப் போட வேண்டும். பெரிதாக இருந்தால் வாயு வராது, பொடியாக இருந்தால் கீழ்க் குமிழுக்குள் விழுந்து, குழாயை மூடிய பிறகும் வாயு வந்துகொண்டே இருக்கும். நீர்த்த கந்தக அமிலம் ஊற்றினால் சில வாரங்களில் பச்சை நிற ஃபெரஸ் சல்பேட் படிகம் கட்டிக் கழுத்தை அடைக்கும். ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஊற்றினால் அடைப்பு குறையும், ஆனால் வாயுவோடு அமில ஆவியும் வரும், அதை நீரில் கழுவித்தான் விட வேண்டும். குழாயின் திருகில் தடவிய வாஸலின் பசை காய்ந்தால் கசிவு. கசிந்தால் அழுத்தம் நிற்காது. அழுத்தம் நிற்காவிட்டால் அமிலம் திரும்ப மேலேறும்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் பூட்டிவிட்டுப் போய்த் திங்கட்கிழமை திறந்தால் இரண்டு நாள் கசிவும் ஆளை அடிக்கும். எங்கள் அட்டெண்டர் கதவைத் திறந்து உள்ளே போகாமல் வராந்தாவிலேயே கால்மணி நேரம் நிற்பார். தராசுப் பெட்டியில் இருந்த பித்தளை எடைக்கற்கள் கறுத்துவிட்டன. ஒரு பெண் தன் வெள்ளிக் கொலுசைக் காட்டி, “சார், நேத்துதான் சார் பாலிஷ் போட்டேன்” என்றார். குதிகால் பக்கம் கரும்பழுப்பாக இருந்தது. சில்வர் சல்பைடு என்று விளக்கினேன், அவருக்கு அது ஆறுதலாக இல்லை.

பருவத்தின் கடைசியில் கழுவுவது தனிக் கொடுமை. கீழ்க் குமிழின் அடைப்பான் இறுகிக்கொள்ளும். ஒரு முறை நானும் அட்டெண்டரும் சேர்ந்து சாதனத்தையே தொட்டிக்குள் சாய்த்தோம். அடைப்பான் சட்டென்று கழன்று, பச்சைச் சகதியும் அமிலமும் என் சட்டைக் கைவரை வந்தன. அந்தச் சட்டை இப்போது ஆய்வகத்தில் துடைக்கிற துணி.

கருவி ஒன்று, ஆட்கள் முப்பது என்பதால் வரிசை வேறு. வாயுவை விடும் குழாயை ஒருவர் சோதனைக் குழாயிலிருந்து எடுத்து அடுத்தவர், கழுவாமல், தன் குழாயில் விடுவார். நான் காட்மியம் மட்டும் போட்டுக் கொடுத்த உப்பில் ஒரு பையன் தாமிரம் கண்டுபிடித்தான். அவன் செய்த சோதனை சரி. முன்னால் நின்றவனுடைய தாமிரம் அது.

சோடியம் சல்பைடு இதற்கெல்லாம் மலிவான மாற்று. மஞ்சளும் பழுப்புமான செதில்கள். ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கத்துத் தோல் தொழிற்சாலைகளில் தோலிலிருந்து முடியை நீக்கச் சுண்ணாம்போடு சேர்ப்பது இதைத்தான். அந்தப் பக்கத்துப் பிள்ளைகள் பாட்டிலைத் திறந்ததும், “இது எங்க ஊர் வாசனை சார்” என்பார்கள். கரைத்துச் சொட்டுச் சொட்டாக விட்டால் போதும், கருவியே வேண்டாம்.

ஆனால் இது கடுமையான காரம். இரண்டாம் தொகுதி முழுக்க அமிலத்தின் அளவை நம்பித்தான் ஓடுகிறது. ஏறக்குறைய 0.3 மோலார் அமிலம் இருந்தால் தாமிரம் விழும், துத்தநாகம் கரைசலிலேயே நிற்கும். விடுகிற ஒவ்வொரு சொட்டும் அமிலத்தைத் தின்னும். அவசரப்பட்டு நாலு சொட்டுக் கூடினால் நான்காம் தொகுதியில் வர வேண்டிய துத்தநாகம் இங்கேயே வெள்ளையாக வந்து உட்காரும். போதாக்குறைக்குப் பழைய பாட்டிலில் பாலிசல்பைடு உண்டாகியிருக்கும், அமிலத்தில் விட்டதும் கந்தகம் பால்போலக் கலங்கும். வெள்ளை வீழ்படிவு என்று எழுதிவிட்டு, அது என்ன என்று தெரியாமல் மாணவர் விழிப்பார். ஒரு வருடத்திலேயே விட்டுவிட்டோம்.

தயோஅசிட்டமைடு வெள்ளைப் படிகம், நீரில் எளிதாகக் கரையும். அறை வெப்பத்தில் கிட்டத்தட்டச் சும்மா இருக்கும். அமிலக் கரைசலில் விட்டுக் கொதிநீரில் வைத்தால் மெல்லச் சிதைந்து, கரைசலுக்குள்ளேயே ஹைட்ரஜன் சல்பைடைத் தரும். 5 சதவீதக் கரைசலில் 10 சொட்டு, அதாவது அரை மில்லி, 25 மில்லிகிராம். முழுதும் சிதைந்தால் 21 மில்லிகிராம் தாமிரத்தை வீழ்த்தும். சிறிதளவு உப்பை வைத்தே செய்கிற அரைநுண் பகுப்பாய்வில் அதற்கு மேல் யாரும் எடுப்பதில்லை.

வாயு உள்ளேயே மெதுவாகப் பிறப்பதால் வீழ்படிவு சேறாக வராமல் மணிமணியாக வரும், சென்ட்ரிஃப்யூஜில் ஒரு நிமிடத்தில் அடியில் உட்காரும். நிறங்களைப் பார்க்கவும் நேரம் கிடைக்கிறது. அமிலம் தூக்கலாக இருக்கிற கரைசலில் ஈயம் இருந்தால் முதலில் செங்கல் நிறமாகத் தோன்றி, அப்புறம் கறுக்கும். கிப்ஸ் காலத்தில் இதைப் பார்த்த மாணவர் யாரும் எனக்கு நினைவில்லை. காட்மியத்துக்கு மட்டும் பொறுமை வேண்டும். அமிலம் கொஞ்சம் கூடினாலும் மஞ்சள் வராது. நீர் சேர்த்து இன்னும் ஐந்து நிமிடம் சூடாக்கினால் வரும்.

விலை? கிராமுக்குக் கிராம் பார்த்தால் தயோஅசிட்டமைடுதான் விலை அதிகம், இரும்பு சல்பைடோடு போட்டி போட முடியாது. 25 கிராம் தயோஅசிட்டமைடு தருகிற வாயுவை 29 கிராம் இரும்பு சல்பைடும் தரும், ஏட்டுக் கணக்கில். நடப்பில் கிப்ஸ் வாயுவில் பெரும்பகுதி குமிழியாகி ஜன்னல் வழியே போய்விடும். இங்கே 25 கிராமில் அரை லிட்டர் கரைசல் ஆகிறது. ஆளுக்கு ஒரு மில்லி என்றால் 16 வகுப்பு. பழுப்புப் பாட்டிலில் சொட்டுக்குழாயோடு வைத்தால் பராமரிப்பு அவ்வளவுதான். திங்கட்கிழமை காலையில் அட்டெண்டர் நேராக உள்ளே போகிறார்.

குறைகளும் உண்டு. சிதையும்போது அம்மோனியமும் அசிட்டேட்டும் உண்டாகும், ஆகவே அந்த இரண்டு சோதனைகளையும் மூல உப்பில் முதலிலேயே முடித்துவிட வேண்டும். இரண்டாவது குறை பெரியது: மிச்சம் இருக்கிற தயோஅசிட்டமைடு லேசில் போகாது. அப்படியே அம்மோனியா சேர்த்து மூன்றாம் தொகுதிக்குப் போனால் துத்தநாகமும் மாங்கனீசும் அங்கேயே சல்பைடாக விழும். அதனால் ஹைட்ரோகுளோரிக் அமிலம் விட்டுப் பீங்கான் கிண்ணத்தில் நன்றாகச் சுண்டவைக்கச் சொல்கிறேன். ஹைட்ரஜன் சல்பைடு பட்டால் லெட் அசிட்டேட் தாள் கறுக்கும். ஆவியில் பிடித்த அந்தத் தாள் கறுக்காமல் இருந்தால்தான் அடுத்த படி. இதற்குப் பத்து நிமிடம் ஆகும், கிப்ஸில் இதைவிடச் சீக்கிரம் முடியும். இன்னொன்று, இது கல்லீரலுக்குக் கெடுதல். புற்றுநோய் உண்டாக்கக்கூடும் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 2பி பிரிவில் வைத்திருக்கிறது. எடை போட்டுக் கரைப்பது கையுறையோடு நான்தான், மாணவர் கைக்குப் போவது கரைசல் மட்டும்.

ஆர்சனிக், ஆண்டிமனி, வெள்ளீயம் எதையும் எங்கள் மாணவர்களுக்குக் கொடுப்பதில்லை. அவற்றையும் பிரிக்கிற ஆய்வகத்துக்கு என் அனுபவத்தை வைத்து நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். கரைசலை ஒரு பருவத்துக்கு மேல் வைத்துப் பார்த்ததும் இல்லை, ஜூனில் புதிதாகக் கரைக்கிறோம்.

கிப்ஸை எடைக்குப் போட மனம் வரவில்லை. கழுவி, பளிங்குக்கல் துண்டுகள் போட்டு வைத்திருக்கிறோம். முதலாம் ஆண்டுப் பிள்ளைகள் அதில் கார்பன் டை ஆக்சைடு எடுக்கிறார்கள்.